ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப்: புதுப்பிக்கும் முறை

ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப், கலிபோர்னியா மாநிலம் ஃபுல்லர்ட்டனில் 1963 முதல் தயாரான வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் 6வி6 வெளியீட்டு வால்வுகள் இரண்டும் கொண்டது. திறன் சுமார் 22 வாட். லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை 1965 ஜனவரியில் சிபிஎஸ்ஸுக்கு விற்றார். கறுப்பு முகப்புடன் 1967 வரை வந்த பெட்டிகளுக்கே சேகரிப்பாளர்களிடம் கிராக்கி. அசல் பாகம் குறையக் குறைய விலையும் குறைவதால், எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதுதான் புதுப்பிப்பவரின் முதல் கேள்வி.

பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வால்வு அட்டவணைத் தாளில் இரண்டு ஆங்கில எழுத்துகள் முத்திரையிடப்பட்டிருக்கும். முதலெழுத்து ஆண்டு, அடுத்தது மாதம். ‘ஏ’ 1951 என்பதால் ‘ஓஎல்’ என்றால் 1965 டிசம்பர். டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்று தொடங்கும் எண் ஷூமேக்கரையும், ஸ்பீக்கரில் 220 ஜென்சனையும், 465 ஆக்ஸ்ஃபோர்டையும் குறிக்கும். தொடரும் இலக்கங்கள் ஆண்டும் வாரமும். சேசிசுக்குள் வயரிங் செய்தவரின் பெயர் எழுதிய ஒட்டுநாடாத் துண்டு இருந்தால் அதைப் பிய்க்கக் கூடாது.

தயக்கமின்றி மாற்ற வேண்டியவை சில உண்டு. முதலாவது மின்கம்பி. அன்றைய பிளக்கில் இரண்டே முனை, எர்த் கிடையாது. இரைச்சலைக் குறைக்க 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை மின்கம்பிக்கும் சேசிசுக்கும் இடையே போட்டிருந்தார்கள். அது ஷார்ட் ஆனால் வீட்டு மின்சாரம் நேரே சேசிசுக்கு வரும். கிட்டாரின் தந்திகளும் சேசிசோடு இணைந்தவை. வாசிப்பவரின் உதடு எர்த் ஆன மைக்கில் பட்டால் போதும். மூன்று முனைக் கம்பி போட்டு, எர்த்தைச் சேசிசில் இறுக்கி, அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றிவிட வேண்டும். இங்கே அசல் தன்மை பேசுவது வீண் பிடிவாதம்.

அடுத்தது எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள். மின்வழங்கியில் உள்ள 16 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் உருளைகள் அறுபது ஆண்டில் உள்ளே காய்ந்துபோயிருக்கும். ஓயாத ‘ஹம்’ ஒலி அதன் அடையாளம். பார்வைக்கு அற்பமான பயாஸ் கெப்பாசிட்டர்தான் அதிக ஆபத்து. அது பழுதானால் 6வி6-இன் கிரிட்டுக்குப் போகும் நெகட்டிவ் வோல்ட்டேஜ் விழுந்து, வால்வின் பிளேட் தணலாகச் சிவக்கும். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே கருகலாம். இவற்றைத் தொடுமுன் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். ரெசிஸ்டர் வழியே அதை இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

நீல நிறக் கப்ளிங் கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் இன்னும் நன்றாகவே இருக்கும். ஒரு முனையைக் கழற்றி, அதில் டிசி கசிகிறதா என்று அளந்து, கசிவதை மட்டும் மாற்றலாம். கார்பன் ரெசிஸ்டர்கள் ஈரம் உறிஞ்சி மதிப்பு ஏறும். 100 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டர்களில் பொரிவது போன்ற சத்தம் வந்தால் அவற்றுக்கு விடை கொடுக்கலாம். மொத்தத்தையும் ஒரே மூச்சில் மாற்றும் கடைகளும் உண்டு. அப்படித் திரும்பி வரும் பெட்டியில் பழையது என்று மிஞ்சுவது மரமும் டிரான்ஸ்ஃபார்மரும்தான்.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது சீரிஸ் பல்பு போர்டு வழியே கொடுப்பது பாதுகாப்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும். வேரியாக் கொண்டு மெல்ல ஏற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜிஇசட்34 ரெக்டிஃபயர் வால்வு சூடேறும்வரை டிசி வராது, பிறகு ஒரேயடியாக வரும். அதனால் தற்காலிகமாக டயோடு பிளக்கைச் செருகிக்கொள்வார்கள். அமெரிக்க மாதிரிகள் 117 வோல்ட்டுக்கு அமைந்தவை. இன்று அங்கேயே 120 வோல்ட் வருவதால் உள் வோல்ட்டேஜ்களும் சற்றே கூடுகின்றன. பயாஸை அதற்கேற்பத் திருத்தி வைக்க வேண்டும். 230 வோல்ட் உள்ள இடங்களில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம்.

கழற்றிய பாகங்களைப் பையில் போட்டுப் பெட்டியோடு கொடுத்துவிடுவது நல்ல பழுதுபார்ப்பவர்களின் வழக்கம். அடுத்து வாங்குபவர் முதலில் கேட்பது அந்தப் பையைத்தான்.