இரத்தத்திலும் ஒரு காடு

பால்மரக் காட்டில் வளர்ந்த நமக்கு ஒட்டுமரத்தைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு தாய்மரத்தின் மொட்டை எடுத்து ஆயிரம் கன்றுகளில் ஒட்டினால், ஆயிரமும் அந்தத் தாயின் குணத்தோடுதான் வளரும். முதுமையில் நம் இரத்தத்திலும் ஏறக்குறைய இப்படி ஒரு காடு வளர்கிறது. அது கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றை இன்று பார்ப்போம்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்தம் உற்பத்தியாகிறது. அங்கே பல்லாயிரக்கணக்கான தாய் உயிரணுக்கள் பங்கு போட்டுக்கொண்டு சிவப்பணுக்களையும் வெள்ளையணுக்களையும் தருகின்றன. ஏட்டைப் பார்த்துத் திரும்பத் திரும்பப் படியெடுப்பவர் எங்கேனும் ஓர் எழுத்தைத் தவறவிடுவார் அல்லவா? அதுபோல ஆண்டுகள் செல்லச் செல்ல இவற்றின் மரபணுக்களிலும் பிழைகள் சேருகின்றன. பெரும்பாலான பிழைகளால் கேடில்லை. சில பிழைகளோ அந்த உயிரணுவுக்கு மற்றவற்றைவிட அதிகப் பெருக்கத்தைக் கொடுத்துவிடுகின்றன. பிறகு அதன் சந்ததியே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

முதல் தடயம் பெண்களின் இரத்தத்தில் கிடைத்தது. பெண்ணின் உயிரணுவில் தாய்வழி வந்தது ஒன்றும் தந்தைவழி வந்தது ஒன்றுமாக இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. அவற்றுள் ஒன்று உறங்கிவிடுகிறது என்று 1961-இல் இங்கிலாந்தின் மேரி லயன் அம்மையார் எடுத்துரைத்தார். எது உறங்கும் என்பது அந்தந்த உயிரணுவின் அதிர்ஷ்டம். ஆகவே இளம் பெண்களின் இரத்தத்தில் பொதுவாக இரு வகையும் கலந்தே இருக்கும். 1996-இல் கனடாவின் லம்பேர் புஸ்க் குழுவினர் மூதாட்டிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, பலரிடம் ஒரு வகையே மேலோங்கியிருக்கக் கண்டனர். 2012-இல் அத்தகையோர் சிலரிடம் டெட்-2 என்னும் மரபணு மாறியிருப்பதும் தெரிந்தது.

2014-இல் சுவீடனைச் சேர்ந்த 12,000-க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைக் கொண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. இத்தகைய மாற்றம் 50 வயதுக்குட்பட்டோரில் 100-க்கு ஒருவரிடமும், 65-ஐத் தாண்டியவர்களில் 100-க்குப் பத்துப் பேரிடமும் இருந்தது. இது நோயன்று. ஆண்டுதோறும் அவர்களில் 100-க்கு ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் இரத்தப் புற்று வருகிறது. ஆனால் மருத்துவ உலகம் எதிர்பாராத ஒன்று 2017-இல் உறுதியாயிற்று: இவர்களுக்கு இதய நாள நோய் வரும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு!

வயதை நிறுத்த யாராலும் முடியாது. மற்றக் காரணங்களுள் முன்னே நிற்பது புகைப் பழக்கம். ஏ.எஸ்.எக்ஸ்.எல்-1 என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றம் புகைப்பவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. சுருட்டும் சிகரெட்டும் நெஞ்சோடு நின்றுவிடும் என்று நம் பெரியவர்கள் எண்ணியிருந்தார்கள். அது எலும்புக்குள்ளும் எட்டுகிறது. புற்றுநோய்க்குத் தரும் கதிர்வீச்சும் சில மருந்துகளும்கூட, பிழை பட்ட உயிரணுக்கள் ஓங்க இடம் தருகின்றன. அதற்காக யாரும் சிகிச்சையை மறுத்துவிடக் கூடாது. கண்முன் இருக்கும் நோயே பெரிய ஆபத்து.

தூசும் புகையும் வேலையோடு வந்தால் என்ன ஆகும்? 2001 செப்டம்பர் 11-இல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் இடிந்த இடத்தில் உழைத்த மீட்புப் பணியாளர்கள் ஏறத்தாழ 480 பேரைச் சோதித்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒருவரிடம் இம்மாற்றம் இருந்தது. அங்கே செல்லாத தீயணைப்பு வீரர்களோடு வயதைக் கணக்கிட்டு ஒப்பிட்டபோதும் இது அதிகமே.

இனி ஒரு மூதாட்டியின் கதை. நெதர்லாந்தில் 1890-இல் பிறந்த ஹென்றிக்கே வான் ஆண்டல் ஷிப்பர் 2005-இல், தம் 115-ஆம் வயதில் காலமானார். இரத்த நோய் எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய வெள்ளையணுக்களை ஆராய்ந்து 2014-இல் எழுதினார்கள். ஏறத்தாழ 450 மரபணு மாற்றங்கள் இருந்தன. கடைசிக் காலத்தில் அந்த வெள்ளையணுக்களில் பெரும்பகுதியைத் தந்துகொண்டிருந்தவை இரண்டே இரண்டு தாய் உயிரணுக்கள்.