இரண்டு சீட்டு, மூன்று பேர்

கள்ளக்குறிச்சியில் சேலம் பஸ் ஏறினால் சின்னசேலம், தலைவாசல் என்று வெகுதூரம் வலப்பக்கம் கல்வராயன் மலை கூடவே வரும். சேலத்தில் இறங்கி ஏற்காடு சாலைக்குப் போனால், மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு சாலையோரம் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய கம்பெனி. எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு சினிமா என்பது அந்த வளைவுக்குள்ளிருந்து வந்ததுதான். தமிழின் முதல் யுத்தகாலக் காதல் படங்களில் ஒன்றும் அங்கேதான் பிறந்தது. பெயர் ‘பர்மா ராணி’, ஆண்டு 1945.

அது பிறந்ததற்குக் காரணம் பிலிம் தட்டுப்பாடு. கச்சா பிலிம் கடல் கடந்து வர வேண்டிய பொருள். யுத்தத்தில் கப்பல் குறைந்ததும் சர்க்கார் அதைப் பங்கீட்டுக்குள் கொண்டுவந்தது. ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்றார்கள். மூன்று மணி நேரத்துக்கும் மேல் பாடிக்கொண்டிருந்த தமிழ்ப் படம் இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கியது. கூடவே, பிலிம் வேண்டுமானால் யுத்தத்துக்கு ஆதரவாகவும் படம் எடுத்துத்தர வேண்டும் என்ற நெருக்குதல். ஜப்பானியர் பிடித்த பர்மாவில் சிக்கும் இந்திய விமானிகள், அவர்களுக்குத் துணை நிற்கும் பெண், நடுவே காதல் என்று சுந்தரம் படம் எடுத்தார். கே.எல்.வி.வசந்தா ராணி, ஹொன்னப்ப பாகவதர் நாயகன். ஜப்பானிய அதிகாரியாக சுந்தரமே வேஷம் கட்டினார்.

இதற்குச் சற்று முன்னால் அமெரிக்காவிலும் இப்படியொரு படம் பிறந்திருந்தது. மர்ரே பர்னெட் என்ற பள்ளி ஆசிரியர் 1938-இல் வியன்னாவுக்குப் போனவர். ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியிருந்த நேரம். யூதர்கள் வெளியேற வழி தேடித் தவிப்பதைக் கண்ணால் பார்த்தார். ஊர் திரும்பியதும் ஜோன் ஆலிசனோடு சேர்ந்து ஒரு நாடகம் எழுதினார். எந்த மேடையும் அதை ஏற்றவில்லை. 1941 டிசம்பர் 8 அன்று, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட மறுநாள், அது வார்னர் பிரதர்ஸ் ஆபீசுக்குப் படிக்க வந்தது. 20,000 டாலருக்கு வாங்கிப் பெயரை மாற்றினார்கள்: ‘காசாபிளாங்கா’.

அந்தப் படத்தில் ஊரைவிட்டுத் தப்பிக்க இரண்டே பயண அனுமதிச் சீட்டுதான் உண்டு. ஆள் மூன்று: ரிக், அவன் காதலித்த இல்சா, அவளுடைய கணவன். ரிக் இரண்டையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டுத் தான் நின்றுகொள்கிறான். கதை அவ்வளவுதான். எண்பது வருஷத்துக்கு மேலாகியும் மனதை விட்டுப் போகாததற்கு, அதை யார் நடித்தார்கள் என்பதும் ஒரு காரணம். ரிக்கின் மதுக்கடையில் ஜெர்மானியரின் பாட்டை அமுக்கிப் பிரெஞ்சு தேசிய கீதம் எழும் காட்சியில் கண்ணீர் வழியப் பாடும் மதலேன் லெபோ, 1940-இல் பாரிசிலிருந்து நிஜமாகவே தப்பி வந்தவர். நாஜி மேஜராக வரும் கான்ராட் வெய்ட்டும் யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். தன்னை விரட்டியவனின் உடையையே அவர் மாட்டிக்கொண்டு நின்றார்.

அந்த நாடகம் வார்னர் மேஜைக்கு வந்த அதே மாதம், டிசம்பர் 23-ஆம் தேதி, ரங்கூன்மீது குண்டு விழுந்தது. அடுத்த மாதங்களில் நாலைந்து லட்சம் இந்தியர் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர் போக, மற்றவர்கள் தமு வழியாகவும் அரக்கான் வழியாகவும் காட்டையும் மலையையும் நடந்தே கடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரம். அவர்களில் தமிழர்கள் ஏராளம்.

‘பர்மா ராணி’ விமானத்தையும் உளவையும் எடுத்துக்கொண்டது. நடந்து வந்தவனை எடுத்துக்கொள்ளவில்லை. அது இன்று வரலாற்றுப் பக்கங்களில் ஒரு பெயராக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். சொல்லச் சொன்ன கதையை அது சொன்னது. மக்களிடமிருந்த கதை வெளியே நின்றுவிட்டது.

அந்தக் கதையின் ஒரு துண்டு ஏழு வருஷம் கழித்து ‘பராசக்தி’யில் வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸுக்கு ‘மந்திரிகுமாரி’ எழுதிய மு.கருணாநிதியின் வசனம். ரங்கூனில் மூன்று அண்ணன்மார். தங்கையின் கல்யாணத்துக்கு மதுரைக்குப் போக வேண்டும். யுத்தத்தால் கிடைப்பதோ ஒரே கப்பல் டிக்கெட். ‘காசாபிளாங்கா’வில் மூன்று பேருக்கு இரண்டு, இங்கே மூன்று பேருக்கு ஒன்று. ‘பராசக்தி’ இன்றும் பார்க்கப்படுகிறது.

ஆனால் அது தங்கையின் கதை. ஒரு டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரங்கூன் துறைமுகத்தில் நின்ற கணவன் மனைவியின் கதையை, நான் அறிந்தவரை, நம்மில் யாரும் இன்னும் எடுக்கவில்லை. உங்கள் வீட்டில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் பிள்ளைகளாவது இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்: டிக்கெட் யாருக்குக் கிடைத்தது, கரையில் யார் நின்றார்கள் என்று. கேட்டதை எழுதி வையுங்கள்.