அழைத்தபோது இல்லாதார் வழக்கு

வழக்கில் தோற்பது இரு வகை. சான்றுகளை ஆராய்ந்தபின் நீதிபதி நமக்கு எதிராகத் தீர்ப்பளிப்பது ஒரு வகை. வாய்தா நாளில் டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட, வாதியும் அவர்தம் வக்கீலும் இல்லாமையால் வழக்குத் தள்ளுபடியாவது மற்றொரு வகை. முன்னதில் நம் நியாயம் கேட்கப்பட்டது. பின்னதில் கேட்கப்படவே இல்லை. நம்மவர் நிலங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்விரண்டாம் வகையை மறத்தலாகாது.

1908 ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் 9 ஆம் கட்டளையில் இதனை வகுத்துரைக்கின்றது. இரு தரப்பாரும் வாராதொழிந்து வழக்குத் தள்ளப்பட்டால், காலவரம்பு கடவாதிருப்பின் வாதி புதிய வழக்குத் தொடரலாம். கோரிக்கையை மறுக்கும் பிரதிவாதி வந்திருக்க, வாதி மட்டும் வராவிடில், அதே காரணத்தின்மேல் மறுவழக்கு இல்லை. தக்க காரணம் காட்டிப் பழைய வழக்கையே மீண்டும் கோப்பில் எடுக்க மனுச் செய்வதே வழி. அதற்கு 1963 ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் தரும் தவணை 30 நாள்.

விதி எல்லார்க்கும் பொது. நீதிமன்றம் செல்லும் வழியோ எல்லார்க்கும் ஒன்றன்று. கல்வராயன் மலை 1976 வரை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தது. மலையாளிப் பழங்குடியினர் அவர்களுக்குக் கூலியின்றி உழைத்தனர். அவ்வாண்டே அரசு ஜாகிர்களை ஏற்றது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அவ்வாண்டினதே. தன் உழைப்பு நாளே தன்னுடையதல்லாத ஒருவர், மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து வாய்தாவுக்கு நிற்பது எங்ஙனம்?

சமவெளியில் நம் நிலையும் பெரிதும் வேறன்று. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை அடுத்து 1892 இல் பிறந்த அரசாணையால் பஞ்சமி நிலங்கள் வழங்கப்பெற்றன. முதல் 10 ஆண்டுகள் அவற்றை விற்கலாகாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. கைமாறிய அந்நிலத்துக்காக வழக்காடும் கூலி உழைப்பாளி ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை இழக்கின்றார். வசதி படைத்த எதிர்த்தரப்புக்குக் காத்திருத்தல் பெருஞ்செலவன்று. வாய்தாமேல் வாய்தா வாங்கினால் நம்மவர் ஒரு நாள் வராமற்போவார் என்பது அவர்கள் கணக்கு.

1981 இல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில், வக்கீல் வராமையால் தள்ளப்பட்ட மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் மீட்டளித்தது. வக்கீலை நம்பிய கிராமத்தார் அவர் தவற்றுக்காகத் துன்புறலாகாது என்றது. ஆயினும் எல்லா வழக்கிலும் இது கிட்டுவதில்லை. கட்சிக்காரரும் விழிப்பாயிருத்தல் வேண்டும் எனப் பிற்காலத் தீர்ப்புகள் கூறுகின்றன. 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமானம் எவ்வளவாயினும் இலவச வக்கீல் உதவி கோரலாம்.

நம் இல்லந்தோறும் கற்றவர் ஒருவர், வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், அடுத்த வாய்தா நாள் ஆகிய மூன்றையும் எழுதி வைத்தல் வேண்டும். 30 நாள் என்பது தள்ளுபடியான நாளிலிருந்து எண்ணப்படும். நாம் அறிந்த நாளிலிருந்து அன்று. தவணை கடந்தால் தாமதத்தை மன்னிக்க வேண்டித் தனி மனுவும் இடல் வேண்டும். வெள்ளி விழாக் காணும் நம் கல்விப்பணியின் பயனை இங்கும் காண விழைகின்றோம்: நம் பெயர் அழைக்கப்படும்போது, எழுந்து நிற்க ஒருவர் இருத்தல் வேண்டும்.