பெயர் மட்டும் கடல் தாண்டிய கட்டுமரம்

ஹைதராபாதில் எந்தத் தமிழ் விழா நடந்தாலும், "ஆங்கிலத்துக்குக் கேட்டமரான் என்ற சொல்லைக் கொடுத்தவன் தமிழன்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. நானும் அப்படிச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன்தான். பேகம்பஜாரில் கயிறு வியாபாரம் செய்கிறவன் ஆதலால், அந்த மரத்தை எப்படித்தான் கட்டுகிறார்கள் என்று தேடப்போய் வசமாக மாட்டிக்கொண்டேன். (மீன்பிடிக் கலத்தில் சமணனுக்கு என்ன வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்கட்டும்.)

சொல் நம்முடையதுதான், சந்தேகமில்லை. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697-இல் வெளியிட்ட பயண நூலிலேயே சோழமண்டலக் கரைக் கட்டுமரத்தைப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார். ஆனால் இன்று உலகம் கேட்டமரான் என்று அழைப்பது, இரண்டு ஓடங்களைப் பக்கம் பக்கமாக வைத்து நடுவே பாலம் போட்ட படகை. அமெரிக்காவில் நத்தானியேல் ஹெரஷாஃப் 1876-இல் 'அமரில்லிஸ்' என்ற பந்தயப் படகை அப்படித்தான் கட்டினார். இந்த அமைப்புக்கு நெருங்கிய உறவு பாலினீசியத் தீவுக்காரர்களின் இரட்டை ஓடம். நம் கட்டுமரம் அல்ல.

அவர்கள் இரும்பு அறியாத காலத்தில் கல் வாய்ச்சியால் அடிமரத்தைக் குடைந்து, பக்கப் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் பிணைத்தார்கள். 1976-இல் 'ஹோகுலேயா' என்ற இரட்டை ஓடம், மவு பியாய்லுக் என்ற மைக்ரோனீசிய மாலுமி விண்மீனையும் அலையையும் பார்த்து வழிகாட்ட, ஹவாயிலிருந்து தாஹிட்டி போய்ச் சேர்ந்தது.

நம்மிடம் குடைகிற வேலையே கிடையாது. மலைவேம்பு போன்ற இலேசான மரங்களைச் செதுக்கி, நடுமரம் சற்றுத் தாழ்ந்திருக்க, அணியத்தை மேல்நோக்கி ஏற்றிக் கயிற்றால் கட்டுவார்கள். தண்ணீர் இடுக்கு வழியே வரும், போகும். மூழ்குவதற்கு உள்ளே குழிவு ஏது? அலை அடிக்கும்போது கட்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். உப்புத் தண்ணீரில் நார்க்கயிறு தாங்குகிற மாதிரி சணல் தாங்காது. இது என் கடை அனுபவம். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களை மணலில் தனித்தனியே காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்குமல்லவா?

மெட்ராஸ் மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1920-இல் வெளிவந்த இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வில், தென்னிந்தியக் கலங்களில் பாலினீசியச் செல்வாக்கு உண்டு என்று எழுதினார். நம்மவர் சிலர் அதைத் திருப்பிப் போட்டு, தமிழன்தான் தீவுகளுக்குக் கற்றுக்கொடுத்தான் என்கிறார்கள். நார்க்கயிறு இரண்டு பக்கமும் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நான் எதையும் முடிவுகட்ட மாட்டேன். தென்னை உள்ள இடத்தில் கயிறு தானாக வரும்.

இங்கே ஆந்திரக் கரையில் கட்டுமரத்தைத் 'தெப்ப' என்பார்கள். நமக்குத் தெப்பம் என்றாலே கோவில் குளம்தான் ஞாபகம் வரும். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாகப் பைபர் படகுகள் வந்து குவிந்ததில் கட்டுமரம் ரொம்பவும் குறைந்துபோயிற்று.

அடுத்த பொங்கல் விழாவுக்கு ஐந்து கட்டையும் ஒரு சுருள் நார்க்கயிறும் கொண்டுவருகிறேன். பிள்ளைகள் கட்டிப் பார்க்கட்டும்.