பாடலுக்கும் ஒரு ஸனது

'இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார்' என்னும் தொடர் இல்லாத செய்தியை ஹதீஸ் கலை அறிஞர்கள் ஏற்பதில்லை. அந்தத் தொடரே ஸனது. இதே கவனம் ஒரு காலத்தில் பாடல்களுக்கும் வாய்த்திருந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தியாகும்.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானி தொகுத்த 'கிதாபுல் அகானி' அரபு இலக்கியத்தின் பெருங்களஞ்சியம். கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நூறு பாடல்களை அடித்தளமாகக் கொண்டு எழுந்தது அது. பாடலை யாத்த கவிஞர் யார், மெட்டமைத்தவர் யார், தாளம் எது என்பனவற்றை அவர் குறித்தார். அவர்களைப் பற்றிய செய்திகளை அறிவிப்பாளர் தொடருடன் தந்தார்.

தமிழிலும் இந்த நன்றியுணர்வுக்குச் சான்றுண்டு. சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையின் வள்ளல் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவு இல்லையேல் சீறாப்புராணம் நம் கைக்கு வந்திராது. உமறுப்புலவர் அவரைக் காப்பியத்தின் பல இடங்களில் போற்றியுள்ளார். மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் அப்பெயர் நிற்பதற்கு அதுவே காரணம்.

இசைத்தட்டு யுகத்துக்கு வருவோம். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். பல்லவி, சரணங்களை அந்த அளவுக்குள் அடக்கிக் கவிஞர் எழுத வேண்டும். குரலையும் கருவிகளையும் தனித்தனியே பதிந்து இணைக்கும் வசதி அன்று இல்லை. பாடகரும் ஆர்மோனியம், வயலின், தபேலாக் கலைஞர்களும் ஒரே அறையில் கூடி, ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். உரத்து ஒலிக்கும் கருவியை ஒலிவாங்கியிலிருந்து தள்ளி அமர்த்துவர். ஒருவர் பிசகினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எனவே அந்த மூன்று நிமிடம் தனியொருவரின் சாதனை அன்று. ஒருவரையொருவர் நம்பிய ஒரு குழுவின் அமானிதம்.

2015இல் மறைந்த இசைமுரசு நாகூர் இ. எம். ஹனிபா அவர்களின் குரல் அத்தகைய குழுக்களின் வழியாகவே நம் இல்லங்களை அடைந்தது. கடலூரிலும் நெல்லிக்குப்பத்திலும் லால்பேட்டையிலும் நிக்காஹ் இல்லங்களின் ஒலிபெருக்கியில் அக்குரலைக் கேட்டே என் தலைமுறை வளர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவர், "உஸ்தாத், 'இறைவனிடம் கையேந்துங்கள்' யார் எழுதியது?" என வினவினார். "ஹனிபா" என்றனர் மற்றவர்கள். எனக்கும் அப்போது விடை தெரியவில்லை. அறிவிப்பாளர் வரலாற்றைக் கற்பிக்கும் நான் அன்று வெட்கமுற்றேன். அதை எழுதியவர் ஆர். அப்துல் சலாம் என்பதைப் பின்னரே அறிந்தேன். ஹனிபா அவர்களுக்குப் பாடல் தந்த நாகூர்ப் புலவர் ஆபிதீனையும் இன்று எத்தனை பேர் நினைக்கின்றனர்?

இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தஃப் தவிர்த்த கருவிகளைத் தடுத்தோரே மிகுதி. இப்னு ஹஸ்ம் போன்றோர் அனுமதித்தனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் 'ஸமாஃ' பற்றித் தனிப் பகுதியே வரைந்தார்கள். அவ்விவாதத்துக்குத் தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் ஒரு தயக்கம், வரலாற்றை மறைக்கக் காரணமாகிவிடலாகாது. வாத்தியம் வாசித்தவரின் பெயரைக் குறிப்பது வாத்தியத்துக்குத் தரும் ஃபத்வா ஆகாது.

இதற்கு வழிகாட்டி நமக்கு அருகிலேயே உள்ளது. 1941இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. அதனைத் தொடர்ந்து அப்பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்புடன் நூல்களாக வெளியிட்டது. பாடியவர் மறைந்தாலும் பாடல் மறையாதிருக்க அவர்கள் தேடிய வழி அது. அத்தகைய தொகுப்பு இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்களுக்கும் வேண்டாமா?

பரண்களில் கிடக்கும் இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் எடுத்து, அவற்றின் முகப்பிலுள்ள பெயர்களை எழுதி வைப்போம். முகப்பில் இல்லாத பெயர்களை, நினைவுள்ள மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டறிவோம். ஸனதைக் காப்பது நம் முன்னோர் நமக்குக் கற்பித்த பாடமன்றோ!