தாதியியல் முதுமாணிப் பட்டம்: ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகப் பட்டங்களுள் முதுமாணி என்பது, பயின்ற துறையில் மேலும் ஆழ்ந்து செல்வதற்கான வாயில் எனவே நாம் கருதி வருகின்றோம். வரலாறு கற்றோர் வரலாற்றிலும், இரசாயனம் கற்றோர் இரசாயனத்திலும் ஆழ்வதற்கே அப்பட்டத்தை நாடுவர். தாதியியலில் இந்நிலை நெடுங்காலம் தலைகீழாயிருந்தது. மேற்கல்வியை நாடிய தாதி நோயாளியின் கட்டிலருகை விட்டகன்று, வகுப்பறைக்கோ அலுவலக மேசைக்கோ சென்றார். நோயாளரைப் பேணுவதிலேயே மிகத் தேர்ந்தவராதல் வேண்டுமென விரும்பியவருக்கு அக்கல்வியில் இடம் அரிதாகவே இருந்தது. இம்முரண்பாடு தோன்றியவாற்றையும் தளர்ந்தவாற்றையும், அது பெரிதும் உருப்பெற்ற ஐக்கிய அமெரிக்காவை முதன்மையாகக் கொண்டு இங்கு நோக்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டிலே தாதியர் பயிற்சி வைத்தியசாலைகளின் கையிலேயே இருந்தது. பயிலுநர் பெயரளவில் மாணவியர். நடைமுறையில் வைத்தியசாலைக்குக் கிடைத்த மலிவான உழைப்பாளர். இந்நிலையில், 1899 இல் நியூயோர்க்கிலே கொலம்பியாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த ஆசிரியர் கல்லூரியில், இசபெல் ஹம்ப்டன் றொப் முதலானோரின் முயற்சியால், பயிற்சி முடித்த தாதியருக்கென ஒரு பாடநெறி தொடங்கப்பட்டது. 'வைத்தியசாலைப் பொருளியல்' என்பது அதன் பெயர். பெயரே நோக்கத்தைக் காட்டிவிடுகின்றது. பயிற்சிப் பாடசாலைகளை நடத்தவும் அவற்றிற் கற்பிக்கவும் வல்லாரை உருவாக்குவதே அதன் இலக்கு. 1907 இல் அட்லெயிட் நட்டிங் அங்கு பேராசிரியரானார். உலகிலேயே தாதியொருவர் பெற்ற முதற் பேராசிரியர் பதவி அது. அவர் இட்ட அடித்தளத்தின் பெருமையை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும் பின்னர் எழுந்த முதுமாணிக் கல்வி அவ்வடித்தளத்தின் மீதே எழுந்தமையால், ஆசிரியம், நிருவாகம் என்னும் இரண்டுமே அதன் தூண்களாயின.

1923 இல் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை, கல்வியை வைத்தியசாலைச் சேவைத் தேவைக்கு அடிமைப்படுத்தும் போக்கைக் கடுமையாகக் கண்டித்தது. அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் அனி குட்றிச் அவர்களைப் பீடாதிபதியாகக் கொண்டு தாதியியற் கல்விக்கூடமொன்று தனித்தியங்கத் தொடங்கியது. 1934 முதல் அது இளமாணிப் பட்டதாரிகளை மட்டுமே சேர்த்து, அவர்களுக்கு முதுமாணிப் பட்டம் வழங்க முற்பட்டது. எனினும் அது தாதிமையின் தொடக்கக் கல்விக்கு அளிக்கப்பட்ட முதுமாணியேயன்றிச் சிறப்பறிவுக்கு அளிக்கப்பட்டதன்று. படி உயர்ந்தது, திசை மாறவில்லை எனலாம்.

திசையை மாற்றியவருள் முதன்மையானவர் ஹில்டகார்ட் பெப்லோ. 1909 இல் பிறந்த இவர், வைத்தியசாலைப் பயிற்சியிலிருந்து மேலெழுந்து, மேற்சொன்ன ஆசிரியர் கல்லூரியிலே முதுமாணிப் பட்டமும் கலாநிதிப் பட்டமும் பெற்றவர். தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே தாதிமையின் உள்ளீடு என்பது இவரது கொள்கை. அதனை விளக்கிய நூலை 1948 அளவில் எழுதி முடித்தும், அது 1952 இலேயே அச்சேறியது. வைத்தியர் ஒருவரை இணையாசிரியராகக் கொள்ளாமல் ஒரு தாதி தனித்து நூலெழுதுவதா என்ற தயக்கமே தாமதத்திற்குக் காரணம். இக்காலத்து மாணவர்க்கு இது நகைப்பை ஊட்டலாம். ஆனால் ஒரு தொழிலுக்குத் தனக்கென அறிவு உண்டா, அன்றிப் பிறரது கட்டளையை நிறைவேற்றும் திறன் மட்டுமே உண்டா என்ற வினா அந்நான்கு ஆண்டுகளுள் அடங்கிக் கிடக்கின்றது.

1954 இல் பெப்லோ றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, உளநோய்த் தாதியியலில் ஒரு முதுமாணி நெறியை அமைத்தார். கற்பித்தலையோ நிருவாகத்தையோ கருதாது, நோயாளரோடு நேரே பணிபுரியும் சிறப்புத் தாதியரை உருவாக்குவதற்கென்றே எழுந்த முதல் நெறியாக அது போற்றப்படுகின்றது. மாணவியர் உளநோய் வைத்தியசாலைகளுக்குச் சென்று நோயாளியோடு தனித்து உரையாடுவர். நோயாளி கூறியதையும் தாம் கூறியதையும் சொல்லுக்குச் சொல் எழுதிவருவர். அக்குறிப்பை ஆசிரியருடன் வரிவரியாக ஆராய்வர். இக்கேள்வி ஏன் எழுந்தது, இவ்விடத்தில் மௌனம் ஏன் நேர்ந்தது, நோயாளியின் பதற்றத்தைத் தணிக்கச் சொன்ன சொல் உண்மையில் தாதியின் சொந்தப் பதற்றத்தைத் தணிக்கச் சொன்னதா என்றவாறு ஆய்வு செல்லும். பாடநூலின் இடத்தை நோயாளியின் பேச்சே பெற்றது. தாதியர் உளச்சிகிச்சையில் ஈடுபடுவதா என்ற எதிர்ப்பும் எழாமலில்லை.

இம்மாற்றம் உளநோய்த் துறையிலே முதலில் நிகழ்ந்தமை தற்செயலன்று என்பது என் கருத்து. சத்திரசிகிச்சை விடுதியில் தாதியின் பணி வைத்தியரது கட்டளையின் தொடர்ச்சி போலத் தோன்றும். நோயாளர் நிறைந்து வழிந்த உளநோய் விடுதியிலோ வைத்தியர் வந்து போவார்; தாதியே நாள் முழுதும் உடனிருப்பார். அவர் பேசுவதும் பேசாதிருப்பதும் அங்கே சிகிச்சையின் கூறுகளாகிவிடுகின்றன. மறைந்திருந்த அறிவு அங்குதான் வெளிப்படையாகக் கண்ணிற் பட்டது. இதனோடு பணமும் சேர்ந்தது: 1946 ஆம் ஆண்டின் தேசிய உளநலச் சட்டம் உளநோய்த் தாதியரின் உயர்கல்விக்கு மத்திய அரசின் நிதியைத் திறந்துவிட்டிருந்தது. கொள்கை மட்டும் தனித்து ஒரு நெறியை நிறுவிவிடாது. பின்னர் ஏனைய சிகிச்சைத் துறைகளிலும் இவ்வழி பரவியது. 1965 இல் கொலராடோவில் லொறெற்றா போர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் தொடங்கிய பயிற்சி, நோயாளியைத் தாமே பரிசோதித்துச் சிகிச்சையளிக்கும் தாதியரை உருவாக்கியது. சான்றிதழ் அளவில் தொடங்கிய அப்பயிற்சி காலப்போக்கில் முதுமாணிக் கல்வியாக வளர்ந்தது.

இதனைக் கொண்டு ஆசிரியத்தை நோக்கிய முதுமாணியைக் குறைகூறிவிடுவது எளிது. இந்தியாவின் நிலையை நோக்கின் அத்தீர்ப்புத் தடுமாறுகின்றது. 1946 இல் வெளியான போர் குழுவின் அறிக்கைப்படி அந்நாட்டில் இருந்த தாதியர் ஏறத்தாழ 7,000 பேரே. 43,000 மக்களுக்கு ஒருவர். அவ்வாண்டிலேயே டில்லியிலும் வேலூரிலும் தாதியியற் பட்டப்படிப்புத் தொடங்கியது. 1959 இல் டில்லித் தாதியியற் கல்லூரியில் இரண்டாண்டு முதுமாணி நெறி ஏற்பட்டது. பற்றாக்குறை இவ்வளவாயிருந்த நாட்டில், தேர்ந்த தாதியொருவரை விடுதியிலிருந்து வகுப்பறைக்கு அனுப்பியது இழப்பன்று. நியூயோர்க்கிற் குறையெனக் காணப்பட்டது டில்லியில் முதற் தேவையாயிருந்தது.

இலங்கையில் முதுமாணிக்கு முன்னர் இளமாணியே வரவேண்டியிருந்தது. திறந்த பல்கலைக்கழகம் 1994 இல் தாதியியல் இளமாணி நெறியைத் தொடங்கியபோது அதில் இணைந்தோர், ஏற்கெனவே பதிவுபெற்றுச் சேவையிலிருந்த தாதியர். தொலைக்கல்வி முறையாதலின், அவர்கள் விடுதிக் கடமையை விடாமலே பாடங்களைக் கற்றனர்.