பார்க் சர்க்கஸில் பதினைந்து பேர்

கொல்கத்தாவாசிக்கு ஊர்வலம் என்பது அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனதற்குச் சொல்லும் காரணம். 1999இல் இடதுசாரி ஆட்சி 22 ஆண்டுகளைக் கடந்திருந்தது. செங்கொடிகளுக்கு வழிவிட்டு டிராம் நிற்பது அன்றாடக் காட்சி. அந்த ஊரில், அந்த ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, மஞ்சள் டி-ஷர்ட் அணிந்த 15 பேர் பார்க் சர்க்கஸ் பகுதியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். ஒரு டிராமைக்கூட நிறுத்தியிருக்க முடியாத கூட்டம். ஆனால் தெற்காசியாவில் பால்புதுமையரின் முதல் வானவில் ஊர்வலம் என்று இன்று வரலாறு சுட்டுவது அந்தப் பதினைந்து பேரைத்தான்.

இது கொல்கத்தாவில் நடந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. அவர்களைக் குற்றவாளிகளாக்கிய சட்டமும் அதே ஊரில் பிறந்ததுதான். 1830களில் மெக்காலே இங்கே உட்கார்ந்துதான் இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவை எழுதினார். திருத்தங்களுக்குப் பிறகு 1860இல் அது நிறைவேறியதும் இங்கேதான். அதன் 377ஆவது பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. வெள்ளைக்காரன் போய் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் அதை யாரும் தொடவில்லை. டெல்லியில் ஏ.பி.வி.ஏ. என்ற சிறு அமைப்பு 1991இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, 1994இல் நீதிமன்றப் படியேறியதுதான் தொடக்கம்.

கொல்கத்தாவில் வேலை வேறு விதமாக நடந்தது. 1993இல் பவன் தால் உள்ளிட்ட சிலர் ‘கவுன்சல் கிளப்’ என்ற ஆதரவுக் குழுவைத் தொடங்கினார்கள். இணையம் வீடுகளுக்கு வராத காலம். ஓர் அஞ்சல் முகவரி, ‘பிரவர்த்தக்’ என்ற சிற்றிதழ், அவ்வப்போது ஒரு சந்திப்பு, இவ்வளவுதான் சொத்து. அந்த முகவரிக்குச் சிற்றூர்களிலிருந்தெல்லாம் கடிதங்கள் வந்தன. தன்னைப் போல் இன்னொருவர் உலகில் இருக்கிறாரா என்று கேட்பவருக்கு உட்கார்ந்து பதில் எழுதுவதற்குப் புகைப்படம் கிடையாது, தலைப்புச் செய்தியும் கிடையாது. என்னைக் கேட்டால், ஊர்வலத்தைவிடப் பெரிய துணிச்சல் அதுதான். அந்தக் காலத்தைப் பற்றி தால் எழுதிய நூல் 2020இல் வந்தது.

நடக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் ஓவைஸ் கான். நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் காவல்துறையை எதிர்த்து நின்ற 1969 ஜூன் நிகழ்வை ஒட்டி உலகெங்கும் ஊர்வலங்கள் நடக்கின்றன. நாமும் நடந்தால் என்ன என்றார். நடப்பது என்றால் முகம் நாளிதழில் வரும். நாளிதழ் வீட்டுக்கும் வரும். தயங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. ‘நட்பு நடை’ என்று பெயர் வைத்தார்கள். சிறிது தூரம் சேர்ந்து நடந்தபின் இரண்டு குழுவாகப் பிரிந்து, ஒன்று வடக்கே, மற்றொன்று தெற்கே போனது. தொண்டு நிறுவனங்களின் கதவைத் தட்டினார்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போனார்கள். இப்படி நாங்கள் இருக்கிறோம், எங்களுக்கு இன்ன இன்ன தேவை என்று எடுத்துச் சொன்னார்கள்.

அந்தப் பதினைந்து பேரில் ஒரு பெண்கூட இல்லை. இதைச் சொல்லாமல் அந்த நாளைக் கொண்டாடுவது சரியாகாது. கொல்கத்தாவில் தன்பாலீர்ப்புடைய பெண்கள் இல்லாமலா? 1998 இறுதியில், இரு பெண்களின் காதலைச் சொன்ன தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ படத்தை எதிர்த்து மும்பையிலும் டெல்லியிலும் திரையரங்குகளை உடைத்தார்கள். அந்தக் களேபரத்தின் சூட்டில், நட்பு நடைக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, 1999 ஜூன் 20 அன்று, மாலபிகா, ஆகாங்க்ஷா முதலிய சில பெண்கள் ‘சாஃபோ’ என்ற குழுவைத் தொடங்கியிருந்தார்கள். ஆணுக்குத் தெருவாவது இருந்தது. பெண்ணுக்கோ முதலில் வீட்டைவிட்டு வெளியே வருவதே போராட்டம். திருமணத்துக்கு நாள் குறித்துவிடுவார்கள். அதனால் சாஃபோ தெருவுக்கு முன் உதவித் தொலைபேசியைக் கையில் எடுத்தது. பின்னர் ‘ஸ்வகண்டே’ என்ற இதழை நடத்தி, அதைப் புத்தகக் கண்காட்சியிலேயே விற்றது. வங்காளியிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் புத்தகக் கண்காட்சியைவிட நல்ல இடம் ஏது!

நட்பு நடைக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் ஊர்வலம் இல்லை. 2003இல் மீண்டும் தொடங்கியது. 2008இல் டெல்லியும் பெங்களூருவும் சேர்ந்துகொண்டன. 2009 ஜூனில் சென்னை. அடுத்த சில நாள்களில், ஜூலை 2 அன்று, டெல்லி உயர் நீதிமன்றம் 377ஆவது பிரிவின் பல்லைப் பிடுங்கியது. பார்க் சர்க்கஸ் நடைக்குச் சரியாகப் பத்து ஆண்டு! யாரும் திட்டமிட்டதல்ல. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிப் பல்லைத் திரும்பப் பொருத்தியது. அது மீண்டும் பிடுங்கப்பட 2018 செப்டம்பர் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

(தொடரும்)